திருவனந்தபுரம் – வளைகுடா வான்வழி: காலந்தவறாமையும் பயணியர் உரிமையும்

திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையத்திலிருந்து அரபிக் கடலைக் கடந்து துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட், தோஹா, குவைத் முதலிய நகரங்களுக்குச் செல்லும் வான்வழி, தென் கேரளத்துக்கும் தமிழ்நாட்டின் தென்கோடிக்கும் பொதுவானது. தூத்துக்குடியில் உள்நாட்டு விமானங்களே உண்டு, மதுரை தொலைவு. எனவே நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மாநில எல்லைக்கு அப்பால் உள்ள இந்த நிலையமே அருகிலுள்ள பன்னாட்டு வாசல். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் முதல் விமானமும் 2005 ஏப்ரல் 29 அன்று இங்கிருந்துதான் அபுதாபிக்குக் கிளம்பியது.

இந்த வழியில் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ பயணிக்கு என்ன உரிமை என்பதை இந்திய விதிகள், பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை, நுகர்வோர் சட்டம் ஆகிய மூன்றும் பங்குபோட்டுத் தீர்மானிக்கின்றன. திருவனந்தபுரம் நகர நடுவே உள்ள தம்பானூரில் ரயிலையோ பேருந்தையோ விட்டு இறங்கி விமான நிலையம் போகிறவரின் முழுப் பயணத்தையும் இந்த மூன்றில் எதுவும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. சட்டத்தின் கண்ணுக்கு ரயில் ஒரு ஒப்பந்தம், விமானம் இன்னொன்று. பயணியின் இழப்பு பெரும்பாலும் இவை இரண்டுக்கும் இடையில்தான் நேர்கிறது.

தம்பானூரும் விமான நிலையமும்

தம்பானூரில் ஒரு சாலையின் ஒருபுறம் திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையம், எதிர்ப்புறம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம். நாகர்கோவில், களியக்காவிளைப் பேருந்துகளும் இங்கேதான் வந்து நிற்கும். விமான நிலையம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர்.

ரயில் முதலில் தம்பானூருக்கு வரவில்லை. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தை எட்டிய பாதை, 1918இல் திருவனந்தபுரத்தின் ஓரமான சாக்கை வரை நீண்டு அங்கேயே நின்றது. 1931இல்தான் நகர நடுவே தம்பானூருக்கு நீட்டினார்கள். தெற்கே கன்னியாகுமரிப் பாதை 1979இல் திறந்தது. விமானத்தளத்தின் தொடக்கம் 1932. முன்கை எடுத்தவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் கோதவர்ம ராஜா. 1935இல் டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து வந்திறங்கியது. 1991இல் நிலையம் பன்னாட்டு நிலையமாயிற்று. 2011இல் புதிய பன்னாட்டு முனையம் திறந்தபோது அது அமைந்தது சாக்கைப் பக்கம். ரயில் 80 ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த இடத்தின் ஓரத்துக்கே வெளிநாட்டுப் பயணம் போய்ச் சேர்ந்துவிட, பெட்டி படுக்கையோடு வருகிறவர் தம்பானூரில் இறங்கி அதே தூரத்தை ஆட்டோவில் திரும்பிப் போகிறார். பெரும்பாலும் உள்நாட்டுப் பயணத்துக்கான பழைய முனையம் ஓடுபாதையின் மறுபுறம், சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. முனையம் மாறி இறங்கினால் ஓடுபாதையைச் சுற்றித்தான் வர வேண்டும். கடைசி நேரத்தில் வருகிறவருக்கு இது சிறிய தூரமல்ல. 2021 அக்டோபர் முதல் நிலையத்தை நடத்துவது அதானி குழுமம்.

நேரம் தவறுவது எப்படி

கால அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினால் அல்லது வந்தால் விமானம் ‘நேரத்துக்கு’ என்று கணக்கு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மாதந்தோறும் வெளியிடும் நேரந்தவறாமைச் சதவீதம் பெருநகர நிலையங்களின் உள்நாட்டு விமானங்களை வைத்தே தயாராகிறது. திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்குப் போகும் விமானத்தின் நடத்தையை அந்தப் பட்டியலில் தேடுவது வீண்.

வளைகுடா வழியில் தாமதத்துக்குப் பெருங்காரணம் வானிலையைவிட சுழற்சிதான். ஒரே விமானம் மாலையில் கிளம்பி, நள்ளிரவில் அங்கே ஆளிறக்கி ஆளேற்றி, விடியலில் திரும்பி, மறுபடி வேறு ஊருக்குப் போகும். முதல் சுற்றில் தவறிய இரண்டு மணி நேரம் அடுத்தடுத்த பயணிகளின் தலையில் விழும். ‘வந்துசேர வேண்டிய விமானம் தாமதம்’ என்ற அறிவிப்புக்குப் பொருள் இதுதான். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் பணிநேர வரம்பு உண்டு. தாமதம் நீண்டு வரம்பு முடிந்தால் வேறு குழு வராமல் விமானம் நகராது. பாதுகாப்புக்கு அவசியமான விதி இது. மாற்றுக்குழு கைவசம் இல்லாத ஊரில் மணிக்கணக்கான காத்திருப்பாக மாறிவிடுகிறது.

இயற்கையும் அரசியலும் தம் பங்கைச் செலுத்துகின்றன. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்த பெருமழையில் துபாய் விமான நிலையமே வெள்ளக்காடானது. 2025 ஜூன் 23 அன்று கத்தாரின் அல் உதைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது வளைகுடா நாடுகள் சில மணி நேரம் வான்வெளியை மூடின. கேரளத்து விமானங்கள் பலவும் ரத்தாயின அல்லது பாதிவழியில் திரும்பின.

உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாத ஒரு காரணமும் இங்கே உண்டு. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் முடிவில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழி ஓடுபாதையின் குறுக்காகச் செல்கிறது. விமானத்தளம் வருவதற்கு முன்பே இருந்த வழி அது. ஆண்டுக்கு இரு நாள், மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் நிலையம் மூடப்படும். நெடுநாள் முன்பே அறிவிப்பு வந்து அட்டவணை மாற்றப்பட்டுவிடுவதால் சட்டத்தின் பார்வையில் இது தாமதமே இல்லை. பத்மநாபருக்காக நின்றதை யாரும் குறையாகச் சொல்வதுமில்லை.

இந்திய விதிகள் தருவது

டிஜிசிஏயின் பயணியர் வசதி விதி 2010இல் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. அதன்படி தாமதம் வேறு, ரத்து வேறு, இடமறுப்பு வேறு.

வெறும் தாமதத்துக்கு, அது எத்தனை மணி நேரமானாலும், இந்த விதி ரொக்க இழப்பீடு எதையும் வைக்கவில்லை. பறக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று அல்லது நான்கு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் மூன்று மணி நேரப் பிரிவில் வரும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், தங்கும் விடுதி. வளைகுடா விமானங்களில் இரவுப் புறப்பாடுகள் நிறைய என்பதால் இரண்டாவது பிரிவு நினைவில் வைக்கத் தக்கது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது அனுபவசாலிகள் சொல்வது.

ரத்து என்றால் மாற்று விமானமா, முழுப்பணமா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு வாரம் முன்னதாகச் சொல்லாமல், முறையான மாற்றும் தராமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. அளவுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு இடமில்லை என்று இறக்கினால், மாற்று ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, 24 மணி நேரத்துக்குள் கிளம்பினால் அந்தக் கட்டணத்தின் 200 சதவீதம், 10,000 ரூபாய் வரை. அதற்கும் தாமதமானால் 400 சதவீதம், 20,000 ரூபாய் வரை. இந்தத் தொகைகளைக் கட்டணத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டது விதியின் பெருங்குறை. விசா காலாவதியாகும் நாளுக்கு முந்தைய இரவு விமானத்தைத் தவறவிட்டவருக்குப் போவது டிக்கெட் பணமல்ல, வேலை.

விதியில் ஒரு சிறு பிரிவு எல்லையோர மக்களை நேரே தொடுகிறது. முன்பதிவின்போது தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு ரத்து இழப்பீடு கிடையாது. ஊர் ஏஜென்ட் கடையில் எடுக்கும் டிக்கெட்டுகளில் பயணியின் எண்ணுக்குப் பதில் ஏஜென்டின் கைப்பேசி எண்ணே பதிவாவது சாதாரணம். ரத்துச் செய்தி கடைக்காரருக்கு வந்துசேரும். அவர் கவனிக்காவிட்டால் பயணி தம்பானூரில் இறங்கிய பிறகே செய்தி தெரியும். நிறுவனமோ ‘தகவல் அனுப்பினோம்’ என்று சொல்லிவிடும். அதே நேரம், ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டின் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்றும் டிஜிசிஏ விதி கூறுகிறது. ஏஜென்டைப் போய்ப் பாருங்கள் என்று அலையவிட அதற்கு உரிமை இல்லை.

‘அசாதாரணச் சூழ்நிலை’ என்றால் இழப்பீடு விலகும். போர், வெள்ளம், அரசு உத்தரவு ஆகியவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் இந்தியப் பட்டியலில் உண்டு. டெல்லி மூடுபனியில் விமானத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் அமர்ந்திருந்த ஒருவரின் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம், மூடுபனிக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது. ஆனால் மலிவுக் கட்டண நிறுவனமானாலும் உணவு, தண்ணீர், தகவல் போன்ற குறைந்தபட்ச வசதிகளைத் தரும் கடமை அதற்கு உண்டு என்பதையும் அதே தீர்ப்பு நிறுவியது.

இரண்டு நிகழ்வுகள்

2012 அக்டோபர் 19 அன்று அபுதாபியிலிருந்து கொச்சி போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொச்சியில் பார்வைத்தூரம் போதாததால் திருவனந்தபுரத்தில் இறங்கியது. குழுவின் பணிநேரம் முடிந்துகொண்டிருந்தது. பயணிகள் இங்கேயே இறங்க வேண்டும் என்றதும், கொச்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் இருக்கையை விட்டு எழ மறுத்தார்கள். விமானியறை வாசலில் வாக்குவாதம் முற்றியது. விமானி கடத்தல் எச்சரிக்கை கொடுத்தார். பாதுகாப்புப் படையினர் விமானத்தைச் சூழ்ந்தார்கள். உண்மையில் கடத்தல் எதுவும் இல்லை. கடைசியில் வேறு குழுவுடன் விமானம் கொச்சி போய்ச் சேர்ந்தது. தகராறின் வேர், இடைவழியில் இறக்கப்பட்ட பயணியைச் சேருமிடம் கொண்டுபோய் விடுவது யார் என்ற எளிய கேள்வி. அந்தக் கேள்விக்கு விமானத்துக்குள் யாரும் தெளிவாகப் பதில் சொல்லாததே விஷயத்தைக் கடத்தல் எச்சரிக்கை வரை கொண்டுபோனது.

இரண்டாவது, 2024 மே 7 இரவு தொடங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணியாளர்கள் பெருந்தொகையாக ‘உடல்நலமில்லை’ என்று விடுப்பு எடுத்தார்கள். டாடா குழுமத்தின் கீழ் வந்த பிறகான நிறுவன இணைப்பும் பணிநிலை மாற்றங்களும் மனக்கசப்புக்குக் காரணமாக இருந்தன. கேரளத்தின் நான்கு நிலையங்களிலும் வளைகுடா விமானங்கள் ரத்தாயின. திருவனந்தபுரத்தில் மஸ்கட் விமானத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பெரும்பாலோருக்கு முன்னறிவிப்பு இல்லை. மே 9 அன்று டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் முழுப்பணம் அல்லது கட்டணமில்லாத தேதிமாற்றம் தருவதாகச் சொன்னது. ஆனால் அன்றே போயாக வேண்டியவருக்கு வேறு நிறுவனத்தில் அன்றைய விலைக்கு டிக்கெட் வாங்குவது தவிர வழியில்லை.

ஐரோப்பாவின் அளவுகோல்

இதே நிகழ்வு ஐரோப்பாவில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்குத் தீர்ப்பே இருக்கிறது. 2016இல் ஜெர்மனியின் டுயிஃப்ளை நிறுவனம் மறுசீரமைப்பு அறிவித்ததும் பணியாளர்கள் கூட்டமாக நோய்விடுப்பு எடுத்து விமானங்களை முடக்கினார்கள். நிர்வாகம் எடுத்த முடிவின் எதிர்வினை நிறுவனத்தின் அன்றாட நடவடிக்கையின் பகுதிதான், அசாதாரணச் சூழ்நிலை அல்ல என்று 2018 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இழப்பீடு தரவேண்டியதாயிற்று. இந்திய விதியின் சொற்களை அப்படியே வாசித்தால் முடிவு நேர்மாறாக வரக்கூடும்.

அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வழிகளில் பயணி பலமாக நிற்பதற்குக் காரணம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் ஒழுங்குவிதி. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ; டிக்கெட் விலை எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. விதியின் எழுத்தில் ரத்துக்கும் இடமறுப்புக்கும் மட்டும் இருந்த இழப்பீட்டை, மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கும் 2009இல் நீதிமன்றம் விரித்தது. கனடாவும் 2019இல் தாமதத்துக்கு இழப்பீட்டுத் தொகைகளை வகுத்தது. அமெரிக்கா இன்றும் தாமதத்துக்குப் பணம் தரச் சொல்வதில்லை. 2024இல் வந்த விதி, பன்னாட்டு விமானம் ஆறு மணி நேரம் மாறினால் பயணத்தைக் கைவிடும் பயணிக்கு டிக்கெட் பணத்தைத் தானாகத் திருப்பித் தரச் சொல்கிறது, அவ்வளவே.

நம் வழியோடு தொடர்புள்ள இரண்டு வழக்குகளும் எமிரேட்ஸ் சம்பந்தப்பட்டவை. டுசெல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலா போன ஒருவரின் திரும்பும் விமானம் மணிலாவில் ரத்தானது. போவதும் வருவதும் தனித்தனிப் பயணங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே கிளம்பிய ஐரோப்பியரல்லாத நிறுவனத்தின் விமானத்துக்கு விதி பொருந்தாது என்று 2008இல் முடிவாயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக லண்டன் போகிறவருக்கும் நிலை அதுவே. மறுதலையாக 2017இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரிட்டனிலிருந்து கிளம்பி துபாயில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களின் தாமதத்தைக் கடைசி ஊரில் வைத்தே அளக்க வேண்டும் என்றது. முதல் விமானத்தின் தாமதம் இறுதித் தாமதத்தைவிடக் குறைவு. ஆனால் ஒரே முன்பதிவு என்பதால் இறுதித் தாமதம் முழுவதற்கும் நிறுவனமே பொறுப்பு. ஆக, ஒரே முன்பதிவாக இருந்தால் இரண்டு விமானங்களையும் ஒரே பயணமாக அங்கே சட்டம் எண்ணுகிறது.

ரயிலிலிருந்து விமானத்துக்கு

தம்பானூரில் இறங்குகிறவரிடம் ஒரே முன்பதிவு கிடையாது. நாகர்கோவிலிலிருந்து வரும் பாதை நெடுங்காலம் ஒற்றைத் தடம். இரட்டிப்புப் பணி ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எதிர்வண்டிக்காகவும் சென்ட்ரலில் நடைமேடை காலியாவதற்காகவும் வண்டி வழியில் நிற்பது ரயில்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். 2021 நவம்பர் மழையில் பாறசாலை, இரணியல் பக்கம் மண்சரிந்தும் தண்ணீர் நின்றும் வண்டிகள் ரத்தாயின. பேருந்தில் வந்தால் பாலராமபுரம் சந்திப்பின் நெரிசல் இருக்கிறது. பன்னாட்டுச் செக்-இன் கவுண்டரோ பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும்.

மான்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றது. வளைகுடா நாடுகளும் ஏற்றுள்ளன. தாமதத்தால் நேர்ந்த உண்மையான இழப்பை அது ஈடுசெய்யச் சொல்கிறது. இயன்ற நடவடிக்கை எல்லாம் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தப்பலாம். உச்ச வரம்பு பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரில் குறிக்கப்படுகிறது. தொடக்கத்தில் ஒரு பயணிக்கு 4,150 எஸ்டிஆர், பன்னாட்டு அளவில் 2024 டிசம்பர் 28 முதல் 6,303. ஆனால் ரயிலும் விமானமும் கலந்த பயணத்தில் விமானப் பகுதிக்கு மட்டுமே தான் பொருந்துவேன் என்று அதன் 38ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

அப்படியென்றால் ரயில்வேயைக் கேட்கலாமா? வண்டி ஏறும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி போகாமல் விட்டால், வண்டி கிளம்பும் முன் டிடிஆர் எனும் டிக்கெட் டெபாசிட் ரசீதைப் பதிந்து முழுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஏறிய பிறகு தாமதமானால் ரயில்வே விதி எதுவும் தராது. 2019 முதல் இரண்டு ரயில்களின் பிஎன்ஆர் எண்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவதன் கட்டணம் திரும்பும். இந்த வசதி ரயிலோடு ரயிலை இணைக்கிறது, விமானத்தை இணைப்பதில்லை. ஜெர்மனியில் லுஃப்தான்சா முன்பதிவிலேயே ரயில் பகுதியையும் சேர்த்து வாங்க முடிகிறது.

இந்த இடைவெளியில் நுழைந்த வழக்கு ஒன்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2016இல் அஜ்மீர் – ஜம்மு விரைவு வண்டி நான்கு மணி நேரம் தாமதமாக, ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு டாக்சி பிடித்துப் போனது. தாமதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று தம் கட்டண விதிநூலைக் காட்டியது ரயில்வே. நீதிபதிகள் எம்.ஆர். ஷா, அனிருத்தா போஸ் அமர்வு அதை ஏற்கவில்லை. தாமதத்தின் காரணத்தை ரயில்வே விளக்கி, அது தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேவைக் குறைபாடே. டாக்சி, தங்குமிடம், மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈட்டுத்தொகை கிடைத்தது. தொகை சிறிது. ஆனால் ரயிலின் தாமதத்தால் போன விமானத்தை ஒரே இழப்பாக எண்ணிய தீர்ப்பு என்ற வகையில், தம்பானூர்ப் பயணி கையில் வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

இதில் பயணியின் முன்யோசனைக்கும் எடை உண்டு. அந்தக் குடும்பம் வண்டி சேரும் நேரத்துக்கும் விமானத்துக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரம் விட்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் மட்டும் விட்டு வந்தவருக்கு நுகர்வோர் ஆணையம் அதே பரிவைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

விமானத்தைத் தவறவிட்டவரும் முழுவதையும் இழப்பதில்லை. பணம் திரும்பாத டிக்கெட்டானாலும், பயணம் செய்யாதபோது அரசு வரிகளையும் நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. திருவனந்தபுரத்தில் பன்னாட்டுப் பயணிக்கு இந்தக் கட்டணம் 2024 ஜூலையில் 1,540 ரூபாயாக உயர்ந்தது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

முறையிடும் இடம்

முதலில் விமான நிறுவனம், பிறகு மத்திய அமைச்சகம் 2016இல் தொடங்கிய ஏர்சேவா தளம். அங்கே தீராதது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும். வெளிநாட்டு அரசு நிறுவனமாக இருந்தாலும் இந்திய நுகர்வோர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டதே என்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. மான்ட்ரியலின்படி வழக்குக்கு இரண்டு ஆண்டு. நுகர்வோர் சட்டத்திலும் அதே இரண்டு. பெட்டி சேதமானால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தந்திருக்க வேண்டும்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. திருவனந்தபுரத்தில் விமானத்தை இழந்த மார்த்தாண்டத்துக்காரர் மலையாளத்தில் மனு எழுத ஆள் தேட வேண்டாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் தமிழ் தெரிந்த வழக்கறிஞரோடு, அல்லது வழக்கறிஞரே இல்லாமல், மனு தரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. போர்டிங் பாஸ், ரத்துக் குறுஞ்செய்தி, தம்பானூரில் வண்டி வந்த நேரத்தைக் காட்டும் பதிவு, டாக்சி ரசீது ஆகியவற்றை அன்றே எடுத்து வைத்திருப்பவரின் மனுதான் நிற்கும்.